மிஸ்டு காலுக்கு ஒரு சாட்சி

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ சௌக்கியமாக இருப்பாய் என்று நானே வைத்துக்கொள்கிறேன், கேட்டால் மட்டும் எந்த ஊரில் சௌக்கியம் என்றா சொல்லப்போகிறாய், உன் விலாசமே ஒரு தபால் பெட்டி எண்தானே. நாங்களும் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லையப்பா. அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறி மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். சின்னவள் தன் வீட்டைப் பூட்டிவிட்டு இங்கேயே வந்துவிட்டாள், உன் பழைய அறையில்தான் படுக்கிறாள், தையல் மெஷினைக் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டிருக்கிறாள், ஆனால் தைப்பதில்லை, கேட்டால் ஊசி உடைந்துவிட்டது என்கிறாள், நான் வாங்கிக் கொடுத்த ஊசிப் பாக்கெட் பிரிக்காமல் அப்படியே கிடக்கிறது. போனில் கூப்பிட்டால் நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிடுகிறாய், அதெல்லாம் போன்ல வேணாம்மா என்கிறாய். சரி, போனில் வேண்டாம், கடிதத்தில் எழுதுகிறேன். நடுவில் எவன் பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும், என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை, படிக்கிறவன் பாதியில் நிறுத்தாமல் முழுசாகப் படித்தால் அதுவே பெரிய உபகாரம்.

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது உனக்குத் தெரியும், எப்படிக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று தெரியுமா? சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல சட்டை போட்ட நாலு பேர் வந்தார்கள், மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை, சின்ன விசாரணைதான் சார், கைகழுவிட்டு வாங்க என்றார்களாம். கைகழுவப் போனவர் பின்னாலேயே ஒருவன் போய் நின்றிருக்கிறான். பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர் வீட்டில் என்ன இருக்கும், ஸ்பானரும் செப்புக் குழாயும் கேஸ் சிலிண்டரும்தான் இருக்கும், அத்தனையையும் ஏதோ வெடிகுண்டைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். சின்னவள் போனையும் பிடுங்கிக்கொண்டார்கள். நாங்கள் பிடித்த வக்கீலம்மா நாலு இடம் அலைந்து விசாரித்த பிறகுதான் காரணமே தெரிந்தது. ராணுவ முகாமின் சமையல்கூடத்தில் ஒரு குளிர்அறை இருக்கிறதே, அதைப் பராமரிக்கும் வேலை மாப்பிள்ளைக்குக் கிடைத்ததல்லவா, அங்கிருந்து வெளியே வரும்போதெல்லாம் அவர் சின்னவளுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்திருக்கிறார். அதே நேரத்தில்தான் ராணுவ லாரிகளும் கிளம்பியிருக்கின்றன. கிளம்பாமல் என்ன செய்யும், லாரிக்குக் கதவைத் திறக்கும்போதுதானே வெளியாட்களையும் வெளியே விடுகிறார்கள், இது அங்கே பால் ஊற்றுகிறவனுக்குக்கூடத் தெரியும். அந்த லாரிகளில் ஒன்றுக்குத்தான் ரோட்டில் குண்டு வைத்துவிட்டார்கள். லாரி கிளம்பிவிட்டது என்று இவர் சமிக்ஞை கொடுத்தாராம், அதை வாங்கி அடுத்த ஆளுக்குத் தள்ளியது உன் தங்கச்சியாம். அவளுக்கு அடுத்த தெருவிலேயே ஆள் தெரியாது.

அந்த லாரியில் செத்துப்போன சிப்பாய்ப் பிள்ளைகளுக்காக நான் அழவில்லை என்று நினைக்காதே. டிவியில் ஒரு தாய் சவப்பெட்டியைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்றாளே, அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாட்டைக் காவல் காக்காதே என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ரகசியம் காக்கிறவன் எல்லாம் கெட்டவன் என்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கைக்குக் கிடைத்தவனைக் கொண்டுபோய் உள்ளே போடுவதா? குண்டு வைத்தவன் எங்கேயோ கால்மேல் கால் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், இங்கே குளிர்அறைக்குக் கேஸ் நிரப்பியவருக்குச் சுவரைப் பார்த்து நிற்கிற தண்டனை. நிற்கவைக்கிறார்களாம், வக்கீலம்மா சொன்னாள், கால் வீங்கிப்போய் செருப்பு நுழையவில்லையாம். சின்னவளிடம் இதை நான் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த மிஸ்டு கால் யாருடைய ஏற்பாடு? நீ ஹாஸ்டலில் இருந்தபோது போனில் காசு இருக்காது, நீதான் எல்லோரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாய், ஒரு ரிங் விட்டால் கிளம்பிவிட்டேன், இரண்டு ரிங் விட்டால் லேட்டாகும், சாப்பிட்டுவிடுங்கள், நிற்காமல் அடித்தால் மட்டும் எடுத்துப் பேசுங்கள். அப்பா தப்பாக எடுத்துவிட்டால் கத்துவாய், போச்சு போச்சு காசு போச்சு என்று. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததும் நீதான், மனிதர் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டுவிட்டார். இப்போது யாருக்குப் போன் காசு பஞ்சம், எல்லாம் சும்மாதான், ஆனாலும் அவர் ஒரு ரிங் விட்டால்தான் சின்னவள் அடுப்பைப் பற்றவைப்பாள். போன லீவில் நீ வந்தபோது சாப்பாட்டு மேஜையில் அப்பாவிடம் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா, எனக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது. பேசுறத ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லப்பா, யார் யாருக்கு எப்ப அடிச்சாங்கன்னு தெரிஞ்சா போதும், எடுக்காத கால்கூட ஒரு சேதிதான், எங்க ஆபீஸ்ல யாருக்கும் இது தோணல, நான்தான் சொன்னேன், நம்ம வீட்டு ஐடியா என்றாய். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, என் பிள்ளை என் பிள்ளை என்று அன்று முழுக்கத் தரையில் கால் படவில்லை. அடப்பாவி, வீட்டில் கற்றதைக் கொண்டுபோய் ஊர்ப் போனையெல்லாம் வேவு பார்க்கிற உன் ஆபீஸ் மெஷினுக்குச் சொல்லிக்கொடுத்தாய், அது முதலில் வந்து உன் வீட்டுக் கதவையே தட்டியிருக்கிறது.

காரணம் தெரிந்த அன்று போனில், இது உங்கள் ஆபீஸ் வேலையா என்று நான் கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய், எங்களுக்குப் பேர் தெரியாதும்மா, நம்பர் மட்டும்தான் தெரியும் என்றாய். அந்த நம்பரை அவளுக்கு வாங்கிக்கொடுத்ததே நீதானடா! ஞாபகம் வைத்துக்கொள்ள சுலபமாக இருக்கட்டும் என்று கடையில் நின்று பொறுக்கி எடுத்தாயே, அதுகூடவா தெரியவில்லை? நெஞ்சில் கைவைத்துச் சொல், அந்த நம்பர் உன் கண்ணில் படவே இல்லையா, இல்லை பட்டும் பேசாமல் இருந்தாயா? நான் பெற்ற பிள்ளையிடம் இப்படிக் கேட்கவேண்டி வந்ததே.

அப்பா உனக்காகத்தான் பேசுகிறார். அவன் என்ன செய்வான், சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கான், நாட்டு விஷயம், தப்பு பண்ணாதவன் ஏன் பயப்படணும் என்கிறார். தப்பு பண்ணாதவர்தான் உள்ளே நிற்கிறார் என்றால் செய்தித்தாளைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். நான் பாங்கில் லாக்கர் பார்த்தவள். என் சாவியைப் போட்டுத் திருப்பிவிட்டு அறையைவிட்டு வெளியே வந்துவிடுவேன், வாடிக்கையாளர் தன் சாவியைப் போட்டுத் திறப்பார், உள்ளே என்ன இருக்கிறது என்று அத்தனை வருஷத்தில் எட்டிப் பார்த்ததில்லை. போலீஸ் வந்ததுண்டு, வந்தால் கையில் கோர்ட் உத்தரவு இருக்கும், அதில் ஒரே ஒரு லாக்கரின் எண் இருக்கும், சாட்சி வைத்து அந்த ஒன்றைத் திறப்பார்கள். எல்லா லாக்கரையும் திறந்து போடு, யாரிடம் திருட்டு நகை இருக்கிறது என்று அப்புறம் பார்த்துக்கொள்கிறோம் என்று எந்த இன்ஸ்பெக்டரும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் மானேஜர் வெளியே போடா என்றிருப்பார். நீங்கள் அதைத்தான் செய்கிறீர்கள், ஊர் மொத்தத்துக்கும், அதுவும் கேட்காமல். இதில் கொடுமை என்னவென்றால், மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்தது எப்படி என்று வக்கீலம்மா கேட்டால் அது ராணுவ ரகசியம், காட்ட முடியாது என்கிறார்களாம். எங்கள் வீட்டு அடுப்பு எப்போது எரிந்தது என்பதுவரை அவர்களுக்குத் தெரியலாம், எந்த ஆதாரத்தை வைத்து எங்களைப் பிடித்தார்கள் என்று மட்டும் எங்களுக்குத் தெரியக்கூடாது. எதை மறுப்பது என்றே தெரியாமல் என்னத்தை மறுக்க?

ஒரே ஒரு வழி இருக்கிறது என்று வக்கீலம்மா சொல்கிறாள். இந்த மிஸ்டு கால் பழக்கம் முகாம் வேலைக்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே இந்தக் குடும்பத்தில் இருந்தது என்று யாராவது கூண்டில் ஏறிச் சொல்லவேண்டும். அதற்கு ரசீதும் கிடையாது பில்லும் கிடையாது, ஆள்தான் வேண்டும், ஆரம்பித்துவைத்த ஆளே வந்து சொன்னால் அதற்கு மேல் பேச்சே இல்லையாம். அந்த ஆள் நீ. உனக்கு அப்பா மூலமாகச் சொல்லியனுப்பினேன், நீ அப்பா மூலமாகவே பதில் சொல்லியனுப்பினாய், என் பேரை மட்டும் இழுக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க, வேலை போயிடும், அதோட விடமாட்டாங்க, என்னையும் உட்காரவச்சிக் கேப்பாங்க என்று. அப்பா அதைச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இவர் அழுது நான் பார்த்ததில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாத்தப் போயி இன்னொரு பிள்ளையை பலி கொடுக்காதடி என்றார். எனக்கு மட்டும் அது தெரியாதா? நீ பிறந்தபோது மூச்சுவிடாமல் கிடந்தாய், நர்ஸ் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள், நீ வீறிட்டு அழும்வரை எனக்கு உயிரில்லை. உனக்கு ஒன்று ஆனால் நான் தாங்கமாட்டேன். ஆனால் நீ பயப்படுவது கேள்விக்கு, அங்கே அவர் அந்தக் கேள்விக்கு நடுவில்தான் நின்றுகொண்டிருக்கிறார். அவர்களுடைய கேள்விக்கு உனக்கே பயம் என்றால் அவருடைய கதி என்ன என்று நீ யோசித்துப் பார்த்தாயா?

வருகிற திங்கட்கிழமை கோர்ட்டில் விசாரணை. நான் போகிறேன். அப்பா வரமாட்டேன் என்றுவிட்டார், சின்னவளும் நானும்தான். மிஸ்டு கால் எதற்கு என்று கேட்பார்கள், சொல்லுவேன். எப்போதிலிருந்து என்று கேட்பார்கள், சொல்லுவேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள். வாய் தவறி அல்ல, கோபத்தில் அல்ல, தெரிந்தேதான் உன் பெயரைச் சொல்லப்போகிறேன், அவன் இப்போது எங்கே வேலை செய்கிறான் என்று கேட்டால் அதையும் சொல்லப்போகிறேன். அதற்கு முன் நீயே வந்துவிட்டால் நான் வாயைத் திறக்கவேண்டியதில்லை. வராவிட்டால் பின்னால் யாரோ சொல்லி உனக்குத் தெரியக்கூடாது, அம்மா முதுகுக்குப் பின்னால் செய்தாள் என்று ஆகக்கூடாது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவேண்டும், இதை எந்தக் கோபத்திலும் மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வராது. வேளாவேளைக்குச் சாப்பிடு. வருவதாக இருந்தால் அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துவா, சாட்சி சொல்கிறவர் இன்னார்தான் என்று காட்டவேண்டுமாம்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேரையும் பெற்ற
அம்மா