இரண்டு அப்பாக்கள் கட்டிய மரத்தளம்

ஏப்ரல் 14

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். போனில் பேசினால் நம் இருவருக்கும் வார்த்தை தடித்துவிடுகிறது. நடுவில் நின்று மல்லுக்கட்ட உங்கள் மகளால் முடியவில்லையாம். இனிமேல் எதுவானாலும் காகிதத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்று உத்தரவு போட்டிருக்கிறாள். மாசமாக இருக்கும் பெண். அவளுக்காகத்தான் இந்தக் கடிதம், உங்களுக்காக அல்ல.

பிள்ளைகள் வாங்கிய மரவீட்டின் பின்கதவு வேலை பாதி முடிந்தது. அந்தக் கதவைத் திறந்தால் ஓராள் உயரத்துக்குக் கீழே வெறும் சேறு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற இடத்தில் வீடு வாங்கும்போது இதைக் கவனிக்காமல் விட்டவன் என் மகன்தான், ஒப்புக்கொள்கிறேன். குழந்தை பிறந்த பிறகு மருமகள் நாலு சுவருக்குள் அடைபட்டுக் கிடக்கக் கூடாது என்றுதான் இந்த மரத்தளம். அடிச்சட்டமும் தூணும் என் பொறுப்பு, மேல் பலகையும் கைப்பிடியும் படியும் உங்கள் பொறுப்பு என்று பேசினோம். என் பங்கு முடிந்தது.

வெளி ஓரத்தைத் தூண்கள் தாங்குகின்றன. உள் ஓரத்தை, வீட்டுச் சுவரோடு சேர்த்து நான் அடித்திருக்கும் சுவர்க்கட்டை தாங்கும். அந்தக் கட்டைக்கு மேலே, சுவரின் வெளிப்பலகைக்கு அடியில் செருகி, ஒரு தகரப் பட்டியை மடித்துப் போட்டிருக்கிறேன். சுவரில் வழிகிற தண்ணீர் கட்டைக்குப் பின்னால் போகாமல் வெளியே விழ வேண்டும், அதற்கு. காலமெல்லாம் கூரை போட்டவன் சொல்கிறேன்: அதில் கை வைக்க வேண்டாம். நீங்கள் நாற்காலி, மேஜை, அலமாரி செய்கிறவர். உங்கள் மரம் மழையைக் கண்ணால் பார்த்ததே கிடையாது.

இப்படிக்கு,
பையனின் அப்பா


ஏப்ரல் 30

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் அதிலிருந்த மரியாதையும் வந்து சேர்ந்தன. என் மரம் மழையைப் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வேலையை மட்டும் யார் பார்க்கிறார்கள்? கூரைமேல் காக்கை பார்க்கும். நான் செய்வதில் மனுஷர்கள் உட்காருகிறார்கள், தடவிப் பார்க்கிறார்கள்.

பலகை, கைப்பிடி, படி எல்லாம் முடிந்தன. இரண்டு பலகைக்கு நடுவே ஒரு தலைமுடி நுழையாது, அப்படிச் சேர்த்திருக்கிறேன். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து பார்த்தாள். "அப்பா, டான்ஸ் ஆடலாம் போல இருக்குப்பா" என்றாள். இந்த வார்த்தையைக் கேட்க நான் எத்தனை நாற்காலி வேண்டுமானாலும் விட்டுவிட்டு வருவேன்.

ஒரு விஷயம். உங்கள் தகரப் பட்டி கடை ஷட்டர் மாதிரி பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி மாப்பிள்ளையின் கார் ஷெட்டில் பத்திரமாக வைத்திருக்கிறேன்; திருடிவிட்டேன் என்று நாளைக்கு எழுதாதீர்கள். அந்த இடத்தில் தேக்குப் பட்டை ஒன்றை இழைத்துப் பதித்து, இடுக்கையெல்லாம் சிலிக்கான் பசை வைத்து அடைத்துவிட்டேன். தண்ணீர் போகாது. பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது.

அன்புள்ள,
பெண்ணின் அப்பா


நவம்பர் 3

சம்பந்தி அவர்களுக்கு,

பேரன் பிறந்த வீட்டில் சண்டை எதற்கு என்று ஜூலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நேற்றோடு பொறுமை போயிற்று.

மழை விட்டு அரை நாள் ஆகியும் உங்கள் தளத்தின் மேல் தண்ணீர் தட்டில் ஊற்றியது போல நிற்கிறது. வெளியில் போடுகிற பலகைக்கு நடுவே ஒரு பென்சில் நுழைகிற அளவு சந்து விட வேண்டும், அதன் வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். தலைமுடி நுழையாது என்று பெருமை வேறு! மருமகள் வழுக்கிவிடுமோ என்று பழைய சாக்கை விரித்து வைத்து நடக்கிறாள். உங்கள் தேக்குப் பட்டையைக் கட்டைவிரலால் அழுத்தினேன், சிலிக்கான் தோல் உரிவது போல உரிந்து வந்தது. அடுப்படிச் சுவரில் உள்பக்கமாகக் கறுப்புப் புள்ளிகள் பூத்திருக்கின்றன. துடைத்துத் துடைத்து அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

தகரத்தை நானே திருப்பி மாட்டிவிடலாம், கால் மணி நேர வேலை. மாட்ட மாட்டேன். கழற்றிய கையாலேயே மாட்டுங்கள். அப்போதுதான் அடுத்த முறை அடுத்தவர் வேலையில் மூக்கை நுழைக்கத் தோன்றாது.

பையனின் அப்பா


நவம்பர் 15

சம்பந்தி,

என் வேலையைக் கட்டைவிரலால் சோதித்தீர்கள். உங்கள் வேலையை நான் டார்ச் அடித்துச் சோதித்திருக்கிறேன், தெரியுமா?

சுவர்க்கட்டையை எதை வைத்து அடித்திருக்கிறீர்கள்? ஆணி. கூரைத் தகட்டுக்கு அடிக்கிற ஆணி! தண்ணீரைப் பற்றித் தெரிந்தவருக்குப் பாரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். சுவருக்குள் இருக்கும் கனத்த சட்டம் வரை துளை போட்டு, விரல் தடிமன் போல்ட்டைக் கொடுத்து, வாஷர் வைத்து முடுக்க வேண்டும். ஆணி என்பது இழுத்தால் வந்துவிடும். சேர்ந்தாற்போல் நாலு பேர் நின்றால் என்ன ஆகும்?

இதை நான் இப்போது கண்டுபிடிக்கவில்லை. ஏப்ரலில் பலகை போடும்போதே பார்த்தேன். சொல்லவில்லை. பெரிய கூரைக்காரர், அவராக உணர்ந்து வந்து கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீங்கள் எங்கே உணர்ந்தீர்கள்?

முதலில் நீங்கள் வந்து போல்ட் போடுங்கள். அதைக் கண்ணால் பார்த்த பிறகு, உங்கள் அருமைத் தகரத்தை நான் மாட்டுகிறேன்.

பெண்ணின் அப்பா


நவம்பர் 27

சம்பந்தி,

போல்ட் வாங்கியாயிற்று, வாஷரும் வாங்கியாயிற்று. என் வண்டியில் பின்சீட்டுக்கு அடியில் கிடக்கின்றன. ஆணி போதாதுதான், எழுத்திலேயே தருகிறேன், சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். ஆனால் தகரம் ஏறாமல் நான் ஸ்பேனரைத் தொட மாட்டேன். நான் முதலில் இறங்கி வந்தேன் என்று நீங்கள் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதற்கா?

போன ஞாயிற்றுக்கிழமை பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கே நின்றபடி மருமகள் என்னிடம் கேட்டாள்: "மாமா, இது ஸ்ட்ராங்காதானே இருக்கு?" என் தகரம் இன்னும் ஷெட்டில் கிடக்கிறது என்ற ஆத்திரத்தில் நான் என்னத்தைச் சொல்ல? "இருக்கும்மா" என்றேன். அந்தப் பொய்யைச் சொல்ல வைத்தது உங்கள் பிடிவாதம்தான். அதற்கும் நீங்களே பொறுப்பு.

ஒரு நாள் குறித்து எழுதுங்கள். காலையில் தகரம், மத்தியானம் போல்ட். வரிசை மாறக் கூடாது.

பையனின் அப்பா


டிசம்பர் 9

காலையில் போல்ட், மத்தியானம் தகரம். வரிசை மாறக் கூடாது.

பெண்ணின் அப்பா


மார்ச் 20

ஐயா,

சம்பந்தி என்று எழுதக் கை வரவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் கத்திவிட்டுப் போனீர்களே தவிர, என்ன நடந்தது என்று உட்கார்ந்து கேட்கவில்லை. தெரிந்துகொள்ளுங்கள். மழை விட்டுக் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்த காலை. என் மகன் குழந்தைத் துணிக் கூடையைத் தூக்கிக்கொண்டு தளத்துக்கு வந்திருக்கிறான். பின்னாலேயே மருமகள், இடுப்பில் குழந்தை, ஒரு கால் வாசற்படியில், ஒரு கால் பலகையில். உள் ஓரம் முழுசாகச் சுவரைவிட்டுப் பிரிந்து கீழே சாய்ந்துவிட்டது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறாள், ஒரு கையால், இன்னொரு கையில் பிள்ளை. என் மகன் சறுக்கிக்கொண்டு போய் அடியில் விழுந்தான். அவன் மேல் உங்கள் பலகைகள். தொடையெலும்பு இரண்டாக உடைந்திருக்கிறது.

சுவரின் வெளிப்பலகையை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்த மரம் டீயில் ஊறிய ரொட்டி மாதிரி விரலோடு வந்தது. என் ஆணி என்ன, போல்ட்டே போட்டிருந்தாலும் அந்த மரத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இதைச் சொல்லிக்கொண்டே உங்கள் சட்டையைப் பிடிக்கத்தான் அன்று வராந்தாவில் எழுந்தேன். அதற்குள் நீங்களே உங்கள் கதையை முடித்துக்கொண்டீர்கள்.

"நான் அப்பவே பார்த்தேன்! ஆணி! வெறும் ஆணி! பலகை போட்ட அன்னைக்கே பார்த்தேன்!" என்று நர்ஸுகள் வந்து அதட்டும் வரை கத்தினீர்கள். உங்கள் மகள் தலையைத் தூக்கினாள்.

"பார்த்தீங்களாப்பா?"

"ஆமாம்மா! அப்பா கண்ணுக்குத் தப்புமா?"

"பார்த்துட்டுமா என்னை அதுமேல நிக்க விட்டீங்க?"

உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது, மறைக்கவில்லை. வீட்டுப் பக்கம் வராதீர்கள் என்று அவள் உங்களிடம் சொன்னது நான் சொல்லிக்கொடுத்து அல்ல. உங்கள் வாய் செய்த வேலை.

பையனின் அப்பா


ஏப்ரல் 22

சம்பந்தி அவர்களுக்கு,

மாப்பிள்ளையின் கால் எப்படி இருக்கிறது? கேட்டுச் சொல்ல எனக்கு வேறு ஆள் இல்லை. அவள் போனை எடுப்பதில்லை. பழம் வாங்கிக்கொண்டு போனேன், கதவுச் சங்கிலியை எடுக்காமலே "வெச்சுட்டுப் போங்கப்பா" என்றாள். உள்ளே பேரன் எதையோ தட்டி விளையாடுகிற சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டு வந்தேன்.

உங்களோடு இனி வழக்காட எனக்குத் தெம்பில்லை. தகரத்தைக் கழற்றியது தப்பு, எடுத்துக்கொள்ளுங்கள், ஜெயித்தது நீங்களாகவே இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். நான் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை என்றுதானே என்னை ஒதுக்கி வைத்திருக்கிறாள்? நவம்பரிலிருந்து உங்களுக்கும் தெரியும். ஸ்ட்ராங்காக இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்டவளிடம் "இருக்கும்மா" என்றவர் நீங்கள். நான் வாயைத் திறக்கவில்லை, நீங்கள் திறந்து பொய் சொன்னீர்கள். ஆனால் உங்களுக்கு அந்த வீட்டில் டீ கிடைக்கிறது, பேரன் மடியில் ஏறுகிறான்.

உங்களுக்கும் தெரிந்திருந்தது என்று அவளிடம் ஒரு தடவை சொல்லுங்கள். நான் சொன்னால் பழி போடுகிறேன் என்பாள். அப்பா மட்டும் இல்லை, இரண்டு பேருமே முட்டாள்கள் என்று அவளுக்குத் தெரிந்தால் என் மேல் கோபம் பாதியாவது இறங்கும். கெஞ்சிக் கேட்கிறேன். கெஞ்சினேன் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள்.

பெண்ணின் அப்பா


மே 16

ஐயா,

மகன் ஊன்றுகோலோடு நடக்கிறான்.

பின்கதவில் புதுத் தளம் வந்துவிட்டது. கட்டியது ஒரு கான்ட்ராக்டர் அம்மா. அழுகியதை எல்லாம் வெட்டி எறிந்து, புது மரம் வைத்து, போல்ட் போட்டு, தகரம் மடித்து, சந்து விட்டு, மூன்றே நாளில் கட்டிவிட்டுப் போனார்கள். நான் ஒரு ஸ்க்ரூவை நீட்டப் போனேன். "பெரியவரே, நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க" என்றார்கள். மருமகள் சிரிக்கவே இல்லை. உட்கார்ந்துகொண்டேன்.

நீங்கள் கேட்டது நடக்காது. சொல்ல மாட்டேன். சொன்னால் அவள் உங்களை உள்ளே கூப்பிடுவாள் என்றா நினைக்கிறீர்கள்? உங்கள் மகளை உங்களுக்கே தெரியவில்லை. என்னையும் வெளியே அனுப்புவாள், அவ்வளவுதான். அப்புறம் அந்தப் பிள்ளைக்குத் தாத்தா என்று ஒருவருமே இருக்க மாட்டார்கள். ஒருத்தர் இருக்கட்டும். அது நானாக இருந்துவிட்டுப் போகிறேன். இது நியாயம் என்று நான் சொல்லவில்லை.

நவம்பரில் அந்தப் பொய்யைப் பற்றி நான் எழுதியது உங்களிடம்தானே இருக்கிறது? தைரியம் இருந்தால் கொண்டுபோய்க் காட்டுங்கள். நான் வாசலில் வந்து மறிக்கப் போவதில்லை. இனி எனக்கு எழுதாதீர்கள்.

பையனின் அப்பா


ஜூன் 8

சம்பந்திக்கு,

எழுதக் கூடாது என்றீர்கள். இது ஒன்றுதான்.

நேற்று சாயங்காலம் அவளுக்குப் போன் செய்தேன். உங்கள் நவம்பர் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். வரி வரியாகப் படித்துக் காட்டப் போகிறேன், அன்றோடு உங்கள் டீயும் நிற்கும் என்று வைராக்கியமாக உட்கார்ந்திருந்தேன். என்னவோ தெரியவில்லை, அன்றைக்கு எடுத்துவிட்டாள்.

"என்னப்பா, சொல்லுங்க."

எத்தனை நாள் கழித்து அந்தக் குரல். செருமிவிட்டு வாயைத் திறந்தேன். அப்போது பின்னால் பேரன் "தாத்தா, தாத்தா" என்று ஒரே கூச்சல். பேச வந்துவிட்டது அவனுக்கு, எனக்கு யாருமே சொல்லவில்லை. யாரைக் கூப்பிடுகிறான் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அவள் போனை முகத்திலிருந்து எடுத்துவிட்டு அவனிடம் சொன்னாள்: "இருடா, தாத்தா ஷூவைத்தான் கழட்டுறார், எங்கேயும் போகல."

பிறகு என்னிடம், "சொல்லுங்கப்பா, என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் பண்ணேன்" என்றேன்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிட வேண்டாம். உங்கள் முகத்தில் விழிக்க எனக்கு இன்றும் பிடிக்கவில்லை, இனியும் பிடிக்காது. ஆனால் நாள் தவறாமல் போங்கள். ஒரு நாள்கூட அவனைக் காக்க வைக்காதீர்கள்.

பெண்ணின் அப்பா