இருபத்தொன்பது நொடி

அக்டோபர் 9

ஆலைக்கு வந்து இன்றோடு ஆறு வாரம். டிப்ளமோ மூன்றாம் ஆண்டில் வகுப்பே கிடையாது, வருடம் முழுக்கத் தொழிற்சாலைப் பயிற்சிதான். முடிவில் மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டால்தான் தேர்ச்சி. என் மேற்பார்வையாளருக்கு நான் வைத்திருக்கும் பெயர் சீப்பு. கூட்டத்துக்குப் போகுமுன் பையிலிருந்து சீப்பை எடுத்து, மிச்சமிருக்கிற நாலு முடியையும் வாரிக்கொள்வார்.

இங்கே செய்வது பிளாஸ்டிக் வாளி. உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் போய் ஆறும், அச்சு திறக்கும், வாளியை எடுக்க வேண்டும். ஒரு வாளிக்கு முப்பத்தெட்டு நொடி. நாலாம் மெஷின் அக்கா பக்கத்தில் நின்று நூறு வாளிக்கு நேரம் குறித்தேன்.

"என்னம்மா, வாளிக்கு நாடி பிடிச்சுப் பாக்கறியா?" என்றார் அக்கா.

டிசம்பர் 4

கண்டுபிடிச்சிட்டேன்! நேரமெல்லாம் ஆறுவதில்தான் போகிறது. குளிர்நீரை முதலில் அச்சின் அடிப்பக்கமாக விட்டால் இருபத்தொன்பது நொடி போதும். எட்டு வார அளவு, இருபத்திரண்டு பக்க அறிக்கை. சீப்பிடம் கொடுத்தேன். "வெச்சுட்டுப் போ, பாக்கறேன்."

டிசம்பர் 18

இன்று ஆலைத் தலைவர் முன்னால் கூட்டம். திரையில் என் வரைபடங்கள். ஒரு படத்தில் 'குளிர்நீர்' என்பதைத் தப்பாக எழுதியிருந்தேன், அந்தத் தப்புகூட அப்படியே வந்தது. முதல் பக்கத்தில் சீப்பின் பெயர். "நம்ம பயிற்சிப் பொண்ணு அளவெடுக்க உதவினா" என்றார்.

அளவெடுக்க!

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன்? சனியன் பிடிச்ச கை.

டிசம்பர் 19

சீப்பிடம் கேட்டேவிட்டேன். "இங்க செஞ்சது கம்பெனிக்குத்தான் சொந்தம். உன் பேரைப் போட்டா யாரு நம்புவா? மதிப்பெண்ல பாத்துக்கறேன், போ."

அம்மா: "அவன் கையெழுத்துப் போடணும்டி. பல்லைக் கடிச்சுக்கிட்டு இன்னும் எட்டு மாசம் ஓட்டிடு."

கடிக்கிறேன். பல்தான் தேய்கிறது.

டிசம்பர் 20

உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும். நான் குடிக்க வைப்பேன்.

ஜனவரி 16

அறிக்கையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு தப்பு. என் தப்புதான். நான் அளந்ததெல்லாம் குளிர்ந்த மாதங்களில், அப்போது தொட்டியில் குளிர்நீர் பதினெட்டு டிகிரி. போன வருடப் பதிவேட்டைப் புரட்டினால் வெயில் காலத்தில் இருபத்தெட்டு. அந்தத் தண்ணீரில் இருபத்தொன்பது நொடிக்குள் வாளி ஆறாது. வாய் கோணும், அச்சில் ஒட்டும்.

கணக்கை ஒரே பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, வீட்டு மேஜைக்குள் வைத்துவிட்டேன்.

சீப்பை ஒளித்து வைத்தால் கல்யாணம் நின்றுவிடுமா என்பார்கள். நான் ஒளித்து வைப்பது சீப்பிடமிருந்து ஒரு பக்கத்தை. இந்தக் கல்யாணம் நிற்கும். ஊரே பார்க்க நிற்கும்.

பிப்ரவரி 12

சீப்பு உற்பத்தி மேலாளர் ஆகிவிட்டார். எல்லா மெஷினிலும் இருபத்தொன்பது நொடி. மதியம் என் மேஜைக்கு அவராகவே வந்தார். "அந்த அறிக்கைல வேற ஏதாவது சேக்கணுமாம்மா?"

அவராகவே கேட்டார். சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணும் இல்ல சார்."

நாக்கில் இன்னும் இனிக்கிறது.

மார்ச் 19

தண்ணீர் 22.

ஏப்ரல் 2

24. அம்மா, "என்னடி, தானா சிரிச்சுக்கறே?" என்றாள்.

ஏப்ரல் 15

26. முதல் கோணல் வாளி! யாரும் பார்க்காதபோது கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஏப்ரல் 23

ஒரே ஷிப்டில் முந்நூறு வாளி கழிவு. சீப்பு மெஷினுக்கு மெஷின் ஓடுகிறார், வாரிக்கொள்ளக்கூட நேரமில்லை. எதை மாற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? திருடினவனுக்குப் பூட்டு உடைக்கத்தான் தெரியும்.

சாப்பாட்டு நேரத்தில் அக்கா வந்தார். "ஒவ்வொண்ணும் ஒட்டிக்குது. பிடிச்சு இழுத்து இழுத்துத் தோளே போச்சு. கையுறையும் கிழிஞ்சு கிடக்கு. நீ படிச்ச பொண்ணு, ஏதாவது பண்ணச் சொல்லேன்."

"சொல்றேன்க்கா."

சொல்லவில்லை. முப்பதாம் தேதி பெரிய வாடிக்கையாளர் வருகிறார். அவர் கண்முன்னால் சீப்பு விழ வேண்டும். இன்னும் ஏழே நாள்.

ஏப்ரல் 26

அக்கா கை வெந்துபோச்சு.

வாளி அச்சில் ஒட்டியிருந்தது. அடியை வளைத்துப் பிடித்து இழுத்தார். அடியின் நடுவில் தடித்த இடம் ஆறவே இல்லை, உருகின பிளாஸ்டிக் அப்படியே உள்ளங்கையில் ஒட்டிக்கிச்சு. உதற உதற வரல. நான் பத்தடி தள்ளி நின்னுக்கிட்டிருந்தேன். அந்தச் சத்தம் —

எழுத முடியல.

ஏப்ரல் 27

வலது கை. உள்ளங்கை, இரண்டு விரல்.

சீப்பு அறிக்கை தயாரித்துவிட்டார். இந்தமுறை சொந்தமாகவே எழுதியிருக்கிறார்: 'தொழிலாளியின் கவனக்குறைவு. முறையான கையுறை அணியவில்லை.' அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். கீழே சாட்சி என்று என் பெயர்.

"பக்கத்துலதானே இருந்தே, போடு. உன் பயிற்சிக் கோப்பும் என் மேஜையிலதான் இருக்கு."

நாளைக்குப் போடுகிறேன் என்று வந்துவிட்டேன். வீட்டு மேஜையைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். அந்தப் பக்கத்தைக் கொடுத்தால் அவர் மட்டுமா விழுவார்? தேதியை நானே போட்டு வைத்திருக்கிறேனே.

ஏப்ரல் 28

ஆலைத் தலைவர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பிறகு என் பழைய குறிப்பேடுகளையும் வாங்கிப் பார்த்தார்.

"அப்போ அந்த அறிக்கை உன்னோடது."

"ஆமா சார்."

"இந்தத் தேதி ஜனவரி பதினாறு. இன்னிக்கு வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தே?"

"வாயை மூடிட்டிருந்தேன்."

"ஏன்?"

"அவர் விழறதைப் பாக்கணும்னு."

அவர் திட்டியிருக்கலாம். தொலைபேசியை எடுத்து, எல்லா மெஷினையும் நிறுத்தச் சொன்னார்.

மே 8

முப்பத்தெட்டு நொடிக்கே திரும்பிவிட்டார்கள். அக்கா மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தாயிற்று. சிகிச்சை முழுக்க ஆலைப் பொறுப்பு.

சீப்பைப் பதவி இறக்கிக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். வாசலில் எதிரே வந்தார், தலை குனிந்தபடி. மாதக்கணக்காக இந்த நிமிடத்துக்குத்தான் காத்திருந்தேன். சந்தோஷமா இருந்ததா? இருந்தது. பொய் எழுத மாட்டேன். அவர் கிடங்குக் கதவைத் தாண்டும்வரை இருந்தது.

எனக்கும் கடிதம் வந்தது. பயிற்சி ரத்து, இந்த வருடம் கணக்கில் வராது, இன்னொரு இடத்தில் முதலிலிருந்து.

அம்மா தட்டை வைத்துக்கொண்டே கேட்டாள்: "நல்லது பண்ணினியா, கெட்டது பண்ணினியா? அதையாவது சொல்லு."

"ரெண்டும்மா."

மே 14

அக்கா வீட்டுக்குப் போனேன். ஒன்றுவிடாமல் சொன்னேன், "ஒண்ணும் இல்ல சார்" உட்பட.

கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் பண்ணினது அநியாயம். உன் கோபம் நியாயம்தான். ஆனா அந்த மெஷின் முன்னாடி தினம் நின்னது அவன் இல்லையே. நான்தானே?"

எழுந்து செருப்பை மாட்டினேன்.

"போயிட்டு வா" என்று சொல்லவில்லை. "கதவைச் சாத்திட்டுப் போ" என்றார்.

ஜூன் 20

புது ஆலையில் இடம் கிடைத்திருக்கிறது. செப்டம்பரில் சேர வேண்டும். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

ஜூலை 3

காலையில் அக்காவிடமிருந்து அழைப்பு. "கட்டைப் பிரிக்கச் சொல்லியிருக்காங்க. வீட்டுக்காரருக்கு ஷிப்டு. வர்றியா?"

"வர்றேன்க்கா. அக்கா, என்மேல இன்னும் —"

"அதெல்லாம் கேக்காத. பத்து மணிக்கு வா."

மருத்துவமனையில் நர்ஸ் கையை மடக்கச் சொன்னார். மூன்று விரல் மடங்கியது. இரண்டு பாதியிலேயே நின்றுவிட்டது. பயிற்சி செய்தால் கொஞ்சம் வரும், முழுசாக வராது என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா சொன்னார்: "கூட வேலை செஞ்ச பொண்ணு."

வெளியே வந்து படியிறங்கும்போது என்னைப் பார்க்காமலே தன் பையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கைக்கான பயிற்சி புதன்கிழமை, பத்து மணிக்கு.