ஆயுத பூஜைக்கு ஓய்ந்த கம்ப்யூட்டர்

புரட்டாசி 16, வியாழன்

மன்னிக்கணும், நோட்டே. எழுதும் அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை. யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

மேகமூட்டம். குரங்கணிப் பக்கம் மலையே தெரியவில்லை.

நேற்று நான் வேலை பார்க்கும் ஏலக்காய்க் கடையில் பூஜை. தராசு, சல்லடை, கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். நான் வெளியே பொரி கட்டிக்கொண்டிருந்தேன். ஆயுதம் எல்லாம் ஓயட்டும் என்று முதலாளி அண்ணாச்சி மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். வருடா வருடம் செய்வதுதான். இந்த வருடம் கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

கடையின் பழைய மென்பொருள் புது கம்ப்யூட்டரில் ஓடாது. அதனால் நான்தான் உள்ளே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி ஓடும் ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு அதற்குள் வைத்தேன். முதலில் அதை அணைக்காமல் கரண்டை நிறுத்தியதால் இன்று அதன் டிஸ்க் திறக்கவில்லை. எடுத்து வைத்திருந்த பழைய காப்பி சித்திரையோடு நிற்கிறது.

கிடங்கு மூட்டைகளில் எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது அந்த டிஸ்க்கில். சனி சாயங்காலத்துக்குள் ஏலத்துக்குப் பெயர் பெயராகப் பதிய வேண்டும். இல்லையென்றால் எல்லாம் ஒன்றாகக் கொட்டி ஒரே விலை. பச்சை மாறாமல் உலர்த்தியவருக்கும் வெடித்த காய்க்காரருக்கும் அதே விலை.

அண்ணாச்சி திட்டவில்லை. அதுதான் பயம்.

17, வெள்ளி

தூறல். கரண்ட் போய்ப் போய் வந்தது. பக்கத்து ஸ்டுடியோவில் யு.பி.எஸ். இரவல்.

அண்ணாச்சியின் மருமகன் மதுரையிலிருந்து வந்தார். ரிப்பேர் என்று பட்டன் இருக்கிறதே, அழுத்த வேண்டியதுதானே என்று மவுஸைப் பிடித்துவிட்டார்.

"வேண்டாம்ண்ணே. மொதல்ல காப்பி எடுக்கணும். இதத் தொட்டா இருக்கிறதும் போயிரும்."

என் குரல்தானா?

"காலேஜ்ல சொல்லிக் குடுத்தாகளோ?"

ஆமாம் என்றேன். பொய். காலேஜில் கம்ப்யூட்டரைத் தொடவே வரிசை. எல்லாம் போனில் பார்த்துப் படித்தது. அண்ணாச்சி அவரைச் சாப்பிடக் கூட்டிப்போனார். போகும்போது என்னிடம், "வெரசாப் பாரு, ஆத்தா."

காப்பி ஆகிறது. பச்சைக்கோடு நகர்கிறது. நகரவில்லை. நகர்கிறது.

குரங்கணிக்காரர் இருவர் வந்தார்கள், சம்பந்திகள். ஒரே மூட்டைக்குள் கைவிட்டு மோந்து பார்த்து, என் காய் என்றார் ஒருவர், என் காய் என்றார் மற்றவர். திரும்பும்போது ஜீப்பில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

அது என்னதான் ஆச்சு என்று அண்ணாச்சி கேட்டார். உள்ளே ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, வெளியே இருப்பது அதைச் சுமந்துகொண்டிருந்தது என்றேன். அண்ணாச்சி மெயின் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளத்தாச்சின்னு சொல்லியிருந்தா நான் மெயின்ல கை வச்சிருப்பனா?"

அந்த வார்த்தை எனக்குத் தோன்றவே இல்லை.

அப்போதே ஒன்று கேட்க நினைத்தேன். வாய் வரை வந்தது. விட்டுவிட்டேன்.

அம்மா மேலே தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு ஜீப்பில் வந்தாள். என் முகத்தைப் பார்த்து, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களா என்றாள். இல்லை என்றேன். 'இன்னும்' என்பதை விழுங்கிவிட்டேன்.

18, சனி

வெயில்.

காப்பி முழுசாக வந்திருந்தது. அதை வேறொரு விர்ச்சுவல் மெஷினில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டினேன். மீட்கும் மென்பொருளை ஓட்டினேன். ஃபைல்கள் வந்தன. பெயர் போய் எண்ணோடு மட்டும். கிடங்கு மாதிரியே.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். குப்பை. குப்பை. சாமி படம். அண்ணாச்சி பேத்தியின் மொட்டை போட்டோ. குப்பை. அண்ணாச்சி பின்னால் நின்று மூச்சு விடுகிறார்.

மதியச் சாப்பாடு ஆறிய பிறகு ஒன்று திறந்தது. பெயர், ஊர், மூட்டை எண். பூஜைக்கு முந்தின நாள் கடைசி ஜீப்பு லோடு வரை.

சம்பந்திகள் சண்டை போட்ட மூட்டை இருவருடையதும் இல்லை. சிலமலை ஊர்க்கார அக்கா ஒருவருடையது. அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பெயர்களைப் படிக்க, நான் பதிந்தேன். வெளிச்சம் இருக்கும்போதே முடிந்தது.

என்ன வேண்டும், கேள் என்றார். சேலை கேட்பேன் என்று நினைத்திருப்பார். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அடுத்த ஆயுத பூசைக்கு மெயின நான் எறக்குறேன், அண்ணாச்சி."