உண்ணி எண்ணும் நாள்

2025 ஆகஸ்ட் 25

இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று. வல்லம் பக்கத்துக் கிராமம், இரண்டு தெரு, இருபது மாடு. பத்துக்கு மருந்து, பத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். எந்த மாட்டுக்கு எது என்று எனக்கே தெரியாது. சீசாவில் எண் மட்டும்தான். விவரம் விழுப்புரம் ஆபீசில், விருத்தாசலம் சாரின் அலமாரியில், ஒட்டிய கவருக்குள். தெரிந்தால் கண் பாரபட்சம் பார்க்கும் என்பார். என் கண்ணை அவருக்கு நன்றாகத் தெரியும்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. வெளியே மல்லாட்டைக் கொல்லைகள், பச்சைப் பசேலென்று கடலைச் செடி. நான் ஓர் உண்ணியின் வயிற்றுக்குள் இருந்தேன். மிளகளவு உடம்பு, அதற்குள் குடல், குடலுக்குள் பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. அவை இல்லாவிட்டால் உண்ணிக்குக் குடித்த ரத்தம் சரியாகச் செரிக்காது, முட்டையும் குறையும். அந்தப் பாக்டீரியாவில் ஒரு வகையைக் கொன்று மாட்டுக்கு ஊசியாகப் போடுகிறோம். மாட்டின் ரத்தம் அதை எதிரி என்று பழகிக்கொள்ளும். உண்ணி வந்து ரத்தம் குடிக்கும்போது அந்த எதிர்ப்பையும் சேர்த்துக் குடிக்கும். உள்ளே குடித்தனம் கலையும். சத்தமே இல்லாத சண்டை. எவ்வளவு அழகு!

திண்டிவனம் ஸ்டாண்டைத் தாண்டிப் போய்விட்டேன். நடந்து வீடு வந்தால் என் வீட்டுக்காரர் தேவா சிரிக்கிறார். "இன்னா, உண்ணி வயித்துலயே எறங்கிட்டியா?"

செப்டம்பர் 14

நாளைக்கு முதல் எண்ணிக்கை. கோவிந்தம்மாளுக்குப் போன் செய்து, காலையில் வருகிறேன் என்று சொன்னேன். கீழத் தெருவில் எல்லாருக்கும் அவர் சொல்லிவிடுவார். போன வருடம் உண்ணிக் காய்ச்சலில் ஒரு கன்றை வாரிக்கொடுத்தவர். இப்போது இருப்பது ஒரே ஒரு செவலைப் பசு. இருந்தும் மாட்டைப் பரிசோதனைக்குக் கொடுத்த முதல் ஆள் அவர்தான். உண்ணி மருந்து எதுவும் தடவக் கூடாது என்ற ஒரே நிபந்தனைக்குத் தலையை ஆட்டினார்.

செப்டம்பர் 15

ஒன்பது மாடுகளில் உண்ணியே இல்லை என்று சொல்லலாம்! காதுக்குள், கழுத்துத் தொங்கலில், மடியில், வாலடியில் தடவித் தடவிப் பார்த்தேன். செவலையின் ஒரு பக்கத்தில் இரண்டே இரண்டு. மற்ற பதினொன்றில் பழையபடி அப்பிக்கிடக்கின்றன. ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அப்படியென்றால்... எழுத மாட்டேன். எழுதினால் கண் பட்டுவிடும்.

அக்டோபர் 6

மறுபடியும் அதே ஒன்பது.

சார் போனில், "அவசரப்படாதீங்க இசைவாணி" என்றார். ஆனால் குரலில் சிரிப்பு இருந்தது. நவம்பர் கடைசியில் கமிட்டி. பலன் காட்டினால் திட்டத்துக்கு இன்னொரு வருடம், இல்லாவிட்டால் மார்ச்சோடு மூட்டை கட்ட வேண்டும். என் வேலையும் அந்த மூட்டைக்குள்தான். முப்பத்து நான்கு வயதில் இதைத் தவிர வேறு எதையும் நான் இவ்வளவு விரும்பிச் செய்ததில்லை.

அக்டோபர் 19

மதியம் மழை. தூக்கமா விழிப்பா என்று சொல்ல முடியாத ஒரு நேரம். உண்ணிகள் மாட்டிலிருந்து தாமாகவே உதிர்ந்து, ஈர மண்ணில் மெதுவாக நடந்து போகின்றன. யார் மேலும் கோபமில்லாமல் போகின்றன. மாடு அசை போட்டுக்கொண்டு பார்க்கிறது. எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது.

நவம்பர் 16

எழுதப் பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

எண்ணிக்கை நாளைக்கு. நேற்றே போன் செய்து சொல்லியாயிற்று. நாளை கனமழை என்று செய்தி வந்ததால் இன்று சாயங்காலமே எண்ணிவிடலாம் என்று கிளம்பினேன். சொல்லாமல் போய்க் கீழத் தெருவில் நின்றால்... தெரு முழுக்க மாடு கழுவுகிறார்கள். வைக்கோலால் தேய்க்கிறார்கள். கோவிந்தம்மாள் செவலையின் மடிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு உண்ணியை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சீமெண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, நாளைக்குன்னு சொல்லிட்டு இன்னிக்கே வந்து நிக்கிற? இன்னும் கழுவியே முடிக்கல."

"ஏம்மா உண்ணிய புடுங்குறீங்க?"

"டாக்டரு தொட்டுப் பாக்கப்போற மாட்ட உண்ணியோடயா நிறுத்துவாங்க? வூட்டுக்கு ஆளு வந்தா வாசல பெருக்க மாட்டமா? நீ போன் பண்ணா ஒடனே நான் தெருவுக்கே சொல்லிடுவேன். மருந்துதான தடவக் கூடாதுன்ன? நாங்க கையாலதான புடுங்கிக்கினு இருக்கோம்."

அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. எனக்காகச் செய்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும். அந்த ஒன்பது மாடும் கீழத் தெரு மாடு. காதுத் தோட்டின் எண்ணைப் பார்த்தேன், வாசலைப் பார்க்கவில்லை. மேலத் தெருவில் நான் போன் செய்ய ஆள் இல்லை, அதனால் அங்கே யாரும் கழுவவில்லை. இவ்வளவுதான் என் கண்டுபிடிப்பு.

ஐயோ, இப்ப நான் இன்னா பண்ணுவேன். எல்லாம் போச்சே.

நவம்பர் 17

மழை. ஆபீஸ் போகவில்லை.

சொல்லாமல் இருந்தால்? கவரைத் திறந்தால் தெரிந்துவிடும் என்கிறது ஒரு மனசு. ஒன்பதில் ஏழெட்டு மருந்து மாடாக அமைந்துவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறது இன்னொன்று. அந்த இரண்டாவதுதான் பேஜாரு. அது நேற்று ராத்திரியிலிருந்து என்னோடு நைசாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

தேவா காபி கொடுத்துவிட்டு, "ரெண்டு நாள் கழிச்சி சொல்லேன், இன்னா இப்போ?" என்றார். ரெண்டு நாள் விட்டால் நான் சொல்ல மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

நவம்பர் 18

சொல்லிவிட்டேன்.

சார் எண்ணிக்கைத் தாள்களை எடுத்து விரித்தார். "இருபது மாட்ட தெருவா பாத்தீங்களா, நம்பரா பாத்தீங்களா?"

"நம்பரா சார்."

"நானும்தான்" என்றார். பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். "நடந்தத அப்படியே எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்து போடுவோம்."

பஸ்ஸில் முழுவதும் அழுதேன். பக்கத்து இருக்கை அம்மா ஒன்றும் கேட்காமல் கொஞ்சம் மல்லிகைப்பூவைக் கிள்ளிக் கொடுத்தார்.

நவம்பர் 28

பழைய எண்ணிக்கை எல்லாம் குப்பை. கடைசியாக ஒரே ஒரு வாய்ப்பு: இன்னொரு ஊசி, ஆறு வாரம் கழித்து ஒரே எண்ணிக்கை. தேதி மாறக் கூடாது என்று கமிட்டியில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 5

ஊசி போட்டோம். எண்ணுகிற நாளுக்கு முன்னால் மூன்று வாரம் கழுவவும் கூடாது, பிடுங்கவும் கூடாது என்று வீடு வீடாகச் சொன்னேன். கோவிந்தம்மாள் முகம் சுருங்கிவிட்டது.

"அழுக்கு மாட்ட உன் எதிருல கட்டறதா? மனசு வர்லியேம்மா."

தப்பு அவருடையது இல்லை, என்னுடையது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கினாரா, தெரியவில்லை.

2026 ஜனவரி 1

புதுக் காலண்டர் மாட்டும்போதுதான் பார்த்தேன். எண்ண வேண்டிய பதினாறாம் தேதிதான் மாட்டுப் பொங்கல்.

தேவா சிரிக்க ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

ஜனவரி 16

விடியும்போதே போய்விட்டேன். பனி, தரையோடு புகை, எங்கேயோ மேளம். மேலத் தெருவின் அழுக்கு மாடுகளைச் சார் பார்த்துக்கொண்டார். ஊரே கழுவிவிட்டது மாதிரி இருந்தது. பரிசோதனையில் இல்லாத மாடுகள் கொம்பில் நீலமும் சிவப்புமாக, கழுத்தில் மாலையோடு, கோலத்தை மிதித்துக்கொண்டு போயின. நான் இன்னும் கனவிலேயே இருக்கிறேனோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

கீழத் தெருவில் எங்கள் ஒன்பது மாடும் தொடையில் சாணி காய்ந்து நின்றன. ஒன்றுகூடத் தவறவில்லை. போகிற வருகிறவர்கள் சும்மா விடுவார்களா? "இன்னா கோவிந்தம்மா, மாட்டுக்கு இன்னா துக்கமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். கோவிந்தம்மாள் புதுப் புடவை கட்டி, செவலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தவலைத் தண்ணீர், மஞ்சள், வர்ண டப்பா எல்லாம் தயார்.

"எண்ணு. ஜல்தி எண்ணிட்டு சொல்லு" என்றார். திரும்பவில்லை.

ஒரு பக்கம் பதினேழு. கண் கலங்கி இரண்டு முறை எண்ண வேண்டியதாயிற்று. "முடிஞ்சிதும்மா" என்று சொன்னதும் தவலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். முதல் சொம்புத் தண்ணீர் விழுந்ததும் செவலை உடம்பைச் சிலிர்த்து எங்கள் இருவர் மேலும் தெளித்தது. அவர் அதோடு என்னென்னவோ பேசிக்கொண்டே தேய்த்தார், மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

ஜனவரி 28

சார் கவரைப் பிரித்தார். மருந்து போட்ட மாடுகளில் உண்ணி மூன்றில் ஒரு பங்கு குறைவு. அவற்றிலிருந்து எடுத்து வந்த உண்ணிகள் வைத்த முட்டையும் குறைவு. நான் கனவு கண்டது இவ்வளவு சின்னதை இல்லை. ஆனால் இது நிஜம். இன்னொரு வருடம் உண்டு என்று கமிட்டி சொல்லிவிட்டது.

செவலைக்குப் போட்டது உப்புத் தண்ணீர்.

பிப்ரவரி 3

கீழத் தெரு. சொல்லிவிட்டேன்.

"வெறுந்தண்ணியா? மூணு ஊசியுமா?"

"ஆமாம்மா."

கோவிந்தம்மாள் கேப்பைத் தட்டை ஒரு கை அள்ளி மாட்டுக்குப் போட்டார். திட்டினாலாவது தேவலை என்று நின்றுகொண்டிருந்தேன்.

"பொங்கலன்னிக்கு அழுக்கா நின்னுச்சே. அதுவாச்சும் கணக்குல வந்துச்சா?"

நோட்டைப் பிரித்துக் காட்டினேன். தண்ணீர் போட்ட மாடுகளில் உண்ணி இவ்வளவு என்று தெரிந்தால்தான் மருந்து எவ்வளவு குறைத்தது என்று சொல்ல முடியும், செவலை அப்படி நிற்காமல் போயிருந்தால் கணக்கே இல்லை என்றேன். பதினேழு என்று எழுதியிருந்த இடத்தில் அவர் விரலை வைத்தார்.

"இது எங்குளுதா?"

"ஆமாம்மா."

 பிறகு எழுந்துபோய்ச் செவலையின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து, தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டார்.

"அப்ப சரி. நெசமான ஊசிய போடு."

போட்டேன்.