சிவப்பியின் இடது விலா

என்னவளுக்கு,

கொட்டிலைக் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டேன். புளித்த கஞ்சி மணம் போகவில்லை. உன் பசு சிவப்பி படுத்துக் கிடந்த இடத்தில் அது ஊறிப்போயிருக்கிறது.

உன் ஆண்டுத் திவசத்துக்குச் சமைத்ததில் அரைக் கிடாரம் சோறு மிஞ்சியது. பசுவுக்கு ஒரு பிடி வைப்பதுதானே வழக்கம். நான் பிடியோடு நிறுத்தவில்லை. நீ வளர்த்த மாடு உன் நாளில் வயிறாரத் தின்னட்டும் என்று கடகம் கடகமாக அள்ளிப் போட்டேன். உரும்பிராயிலிருந்து வந்த உன் தம்பி தடுத்தான்.

"அத்தான், காணும். உவ்வளவு சோறு மாட்டுக்கு ஆகாது."

"ஒரு நாளைக்குத்தானே, ஒண்டும் செய்யாது."

நீ இருந்திருந்தால் என் கையைத் தட்டிவிட்டிருப்பாய். தினமும் விடிந்ததும் சிவப்பியின் இடது விலாவில் காதை வைப்பாய். உள்ளே உருளும் சத்தம் கேட்டால்தான் உனக்குத் தேத்தண்ணி இறங்கும். "இஞ்சேருங்கோ, வயிறு கதைக்குது, பயமில்லை" என்பாய். "மாட்டு டொக்டரம்மா வந்திட்டா" என்று நான் நக்கலடிப்பேன்.

மறுநாள் சிவப்பி அசை போடவில்லை. மிருக வைத்தியர் மருந்து பருக்கியதும் எழும்பி நின்றது. தப்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். நாலாம் நாள் மடி வீங்கிக் காய்ச்சல் கொதித்தது.

"சோறு புளிச்சு வயித்துச் சுவரை அரிச்சுப்போட்டுது. அதுக்குள்ளாலை கிருமி இரத்தத்திலை ஏறியிட்டுது. தீன் செமிச்சாத்தானே ஐயா, கிருமியோடை சண்டைபிடிக்கச் சத்து வரும்? இதுக்கு இப்ப ரெண்டுமில்லை" என்றார் வைத்தியர்.

அவர் மாட்டைப் பற்றித்தான் சொன்னார். எனக்கு உன் கால் ஞாபகம் வந்தது. ஒரு சின்ன முள்ளுக்காயம், இரத்தத்தில் ஏறிய சீனி வருத்தம் அதைக் கடைசிவரை ஆறவிடவில்லை. அப்போதும் கோயிலிலிருந்து உனக்கு மோதகம் கொண்டுவந்தவன் நான். நீ வேண்டாமென்று தலையாட்டுவாய், கண் மட்டும் மோதகத்தில் இருக்கும். "ஒண்டு தின்னன், ஒண்டும் செய்யாது" என்பேன்.

நேற்றுப் பின்னேரம் சிவப்பியின் மூச்சு அடங்கும்வரை இடது விலாவில் காதை வைத்திருந்தேன். எந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. நீ இருந்த காலத்தில் ஒருநாளாவது குனிந்து கேட்டிருக்கலாம். அயலாரும் நானுமாகத் தோட்டத்து மூலையில் புதைத்துவிட்டு வந்தோம்.

இனி இந்த வீட்டில் உன் குரலுக்குத் திரும்பிப் பார்த்த உயிர் என்று நான் மட்டும்தான். ஆசையாக அள்ளிக் கொடுத்த இந்தக் கையும் என்னோடுதான் இருக்கிறது. இன்று வெள்ளிக்கிழமை. உன் படத்துக்கு முன்னால் படைக்க வாழையிலையை விரித்துவிட்டேன். எதையும் வைக்கப் பயமாயிருக்கிறது.