பின்லாந்துப் படங்களில் எதைப் பார்க்கலாம்

ஆசிர் அத்தான்,

குருவிகுளம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒன்றரை மாதம் கழித்து இன்றைக்குத்தான் பாடம் எடுக்கப் பள்ளிக்கூடம் போகிறேன். உங்களுக்கு லீவு என்பதால் எழுப்பவில்லை. சோறும் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் அடுப்பு மேல் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

பதினொரு மணிக்குத் திருவேங்கடத்திலிருந்து சுந்தரபாய் மதினி தொட்டிலை எடுத்துப்போக வருவார்கள். உள்ளறைச் சாவி பிரிட்ஜ் மேல் இருக்கிறது. நீங்கள் உள்ளே போக வேண்டாம், மதினியே எடுத்துக்கொள்ளட்டும்.

பென்டிரைவில் நீங்கள் பார்க்காத பின்லாந்து த்ரில்லர் இரண்டு இருக்கிறது. உறைந்த ஏரிக்குள் கார் கிடக்கிற படம் நல்ல படம். போலீஸ்காரியும் அவள் புருஷனும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசிக்கொள்வதே இல்லை. கப்பல் படத்தில் கொலைகாரன் யாரென்று பாதியிலேயே தெரிந்துவிடும், ஆனாலும் பாருங்கள். ஆஸ்பத்திரிப் படத்தை அழித்துவிட்டேன். அதில் ஒரு சின்னச் சவப்பெட்டி வருகிறது. நான் முழுதும் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. எழுந்து போய்த் துணி மடித்தேன்.

வெளியே போனால் வாசல் சாவியை எதிர்வீட்டில் கொடுங்கள்.

ஜெனிபா

இன்னொன்று. நம் பிள்ளை உயிரில்லாமல் பிறந்தபோது நான் மயக்கத்தில் இருந்தேன். அடக்கம் பண்ணுமுன் முகத்தைப் பார்த்தது நீங்கள் மட்டும்தான். நேற்று நான், “யாரு சாடை அத்தான்?” என்று கேட்டேன். நீங்கள், “பேசாம படத்தப் பாருட்டி” என்றீர்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்குச் சங்கரன்கோவில் வந்து வீடு சேர்ந்துவிடுவேன். இன்றைக்குப் படம் எதுவும் போட வேண்டாம். பிள்ளை யார் சாடை என்று மட்டும் சொல்லுங்கள்.