புத்தகத்தில் இல்லாத குழாய்

நயோரோ,
அக்டோபர் 27, வியாழன்.

அன்புள்ள அப்பாவுக்கு,

கடிதம் என்றால் பருவத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்று எங்கள் மொழி ஆசிரியர் சொல்லியிருக்கிறார். அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். முதல் பனிக்கு முன்னால் பறந்துவரும் பனிப்பூச்சிகள் போன வாரமே வந்துவிட்டன. சைக்கிளில் போகும்போது வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதல் பனி எந்த நாளும் விழலாம். நகோயாவில் இன்னும் அரைக்கைச் சட்டைதானாமே, உண்மையா? தொழிற்சாலை விடுதியில் சாப்பாடு எப்படி? இரண்டு கடிதம் போட்டேன், பதில் வரவில்லை. இரவு ஷிப்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம், நாம் உள்ளேயே சமைத்துத் தூங்கிப் பயணம் போகும் நம் வண்டி.

நீங்கள் போனதிலிருந்து அது கொட்டகைக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கிறது. ஆகஸ்ட் பயணத்தில் நிரப்பிய தண்ணீர் பாதி டேங்க்கில் அப்படியே கிடந்தது. சனிக்கிழமை வானிலையில், வியாழன் காலை மைனஸ் ஏழு வரை போகும் என்றார்கள். உள்ளே உறைந்தால் குழாய் வெடிக்கும், தண்ணீரை வடிக்க வேண்டுமே என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவே இல்லை. "வடிச்சா என்ன, வடிக்காட்டி என்ன? ஒரே ஒரு குழாய் வெடிக்கட்டும், மறுநாளே பழைய வண்டி எடுக்கிறவனக் கூப்பிட்டு இழுத்துட்டுப் போகச் சொல்றேன்" என்றாள். அம்மா சொன்னால் செய்வாள்.

வண்டி இல்லையென்றால் வசந்தத்தில் சோயா முனைக்கு எதில் போவது? "பனி உருகினதும் வந்துடுவேன், வந்த கையோட வண்டிய எடுத்துக்கிட்டு நேரா வடக்க போறோம்" என்று ரயிலடியில் சொன்னீர்களே. நீங்கள் இங்கே விட்டுப்போனது வண்டியைத் தவிர அதிகம் இல்லை. அலமாரியில் உங்கள் பக்கம் காலியாக இருக்கிறது. அதனால் நானே வடிப்பது என்று முடிவு செய்தேன்.

வண்டியோடு வந்த கையேட்டை மூன்று முறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை அடியில் படுத்து டேங்க்கின் மூடியைத் திறந்தேன். தண்ணீர் முழங்கை வழியாக அக்குள் வரை போய்விட்டது. பிறகு வெந்நீர்ப் பெட்டியின் திருகைக் கழற்றினேன். குழாய்களில் தங்கியதைச் சைக்கிள் பம்பால் காற்றடித்து வெளியே தள்ளினேன். அந்த நேரம் பார்த்து பெட்ரோல் பங்க் ஓகிதா அத்தை, நான் கேட்டிருந்த, குளிரில் உறையாத இளஞ்சிவப்புத் திரவத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "என்னடி சயோரி, வண்டிக்கு மூச்சுத் திணறுதா? வாயால ஊதிக் காப்பாத்திடுவ போலிருக்கே!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பா போன் பண்ணாராடி?" என்று கேட்டார். வேலை அதிகம் என்று சொன்னேன். அத்தை திரவப் புட்டியை என் கையில் கொடுத்துவிட்டு, என் தொப்பியைக் காதுவரை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனார். திரவத்தை சிங்க்கின் துளையில், வளைந்த குழாய் நிறையும்வரை ஊற்றினேன்.

கடைசியாக, குளிர்காலத்தில் வெளியூர் போகும்முன் வீட்டுக் குழாய்களை வடிப்போமே, அதேபோல் சிங்க் குழாயைத் திறந்து காதை வைத்துக் கேட்டேன். 'சூஊ' என்று காற்றை உள்ளே இழுத்தது. அந்தச் சத்தம் வந்தால் முடிந்தது என்று மூடிவிட்டேன். திங்கட்கிழமை கையேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தை மறுபடி படித்தபோதுதான் தப்பு தெரிந்தது. வண்டியில் ஒரே கைப்பிடிதான் என்றாலும் வெந்நீருக்கு ஒரு பக்கமும் தண்ணீருக்கு ஒரு பக்கமும் தனித்தனியாகத் திருப்ப வேண்டுமாம். ஓடிப்போய்த் திருப்பினேன். ஒரு கிண்ணம் தண்ணீர் வந்தது. ஒரு கிண்ணம் போதும் அப்பா, குழாய் வெடிக்க.

அதிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. இன்னும் எங்கே ஒரு கிண்ணம் ஒளிந்திருக்கிறது என்றே ஓடிக்கொண்டிருந்தது. பாடம் நடக்கும்போது நோட்டின் ஓரத்தில் குழாய்ப் படம் வரைந்தேன். சாப்பிடும்போது எழுந்துபோய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். "ஒக்காந்து சாப்பிடேன்டி, அது எங்கயும் ஓடிப்போயிடாது" என்றாள் அம்மா. சொன்னபின் அவளும் சாப்பிடவில்லை.

நேற்று புதன்கிழமை, பள்ளியில் துப்புரவு நேரம். தாழ்வாரம் துடைக்கும் துணியை வாளியில் பிழிந்தபோது தண்ணீர் என் பாதத்தில் விழுந்தது. ஜில்லென்றது. உடனே ருமோய் கடற்கரை ஞாபகம் வந்தது. வண்டியின் பின்கதவைத் தூக்கி, நீங்கள் கையில் பிடித்துத் தெளிக்கும் கைக்குழாயால் எங்கள் காலிலிருந்து மணலைக் கழுவிவிட்டீர்கள். அம்மா ஒற்றைக்காலில் குதித்து, "போதும் போதும், கொல்றீங்களே!" என்று கத்திக்கொண்டே சிரித்தாள்.

பின்பக்கக் குழாய்! அது கையேட்டில் எப்படி இருக்கும்? நீங்களே கடையில் வாங்கிவந்து ஸ்டெப்னி டயருக்குப் பின்னால் பொருத்தியதாயிற்றே.

மணி அடித்ததும் பையைக்கூட மூடாமல் சைக்கிளை மிதித்தேன். வீட்டுக்கு வந்தபோது வெயில் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பின்கதவைத் தூக்கி, டயரை நகர்த்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கைக்குழாய் கழற்றப்பட்டிருந்தது. சுருட்டி, காயவைத்து, பையில் போட்டிருந்தது. வால்வு மூடியிருந்தது. குழாயின் வாயில் கோடையில் காணாமல்போன என் மஞ்சள் காலுறை அடைத்திருந்தது. அதன்மேல் வெள்ளை டேப். டேப்பில் உங்கள் கையெழுத்து: "வடித்தாயிற்று. செப். 14."

முதலில் எனக்கு சந்தோஷம்தான். 'வடித்தாயிற்று, வடித்தாயிற்று' என்று சத்தமாகவே சொன்னேன். பிறகுதான் தேதியைப் பார்த்தேன்.

செப்டம்பர் பதினான்கில் நம் ஊரில் யாரும் தண்ணீர் வடிப்பதில்லை. அப்போது இலைகூடச் சிவக்கவில்லை. நகோயாவிலிருந்து நேற்றுத்தான் வேலைக்குக் கூப்பிட்டார்கள் என்று நீங்கள் சொன்னது அக்டோபர் இரண்டாம் தேதி. நீங்களும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு பேசியது மூன்றாம் தேதி. நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன், நீங்கள் எங்களிடம் சொன்னதற்குப் பதினெட்டு நாள் முன்பே வடித்திருக்கிறீர்கள். மற்றதையும் ஏன் வடிக்கவில்லை என்றும் யோசித்தேன். வடித்திருந்தால் வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்திருக்கும், அம்மா கேட்டிருப்பாள். அதனால் நாங்கள் மறந்துவிடுவோம் என்று தெரிந்த அந்த ஒன்றை மட்டும் செய்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். அப்படித்தானே?

டேப்பைக் கையால் மறைத்துக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அதற்குள் அம்மா பின்னால் வந்து நின்றுவிட்டாள். கையில் என் கோட். டார்ச்சை வாங்கி, குனிந்து படித்தாள். வெகுநேரம் படித்தாள், இருந்தது ஒரு சொல்லும் ஒரு தேதியும்தான். "கோடை பூரா இந்த ஒத்தக் காலுறையத் தேடி வீட்டையே கவுத்துப் போட்டேன்" என்றாள். கோட்டை என் தோளில் போட்டுவிட்டு உள்ளே நடந்தவள், வாசற்படியில் நின்று, திரும்பாமலே, "அந்த பேட்டரியையும் கழட்டி உள்ள கொண்டுவா. குளிர்ல செத்துடும். பேட்டரி போனா அப்பறம் வண்டிய எப்படிக் கிளப்புறது?" என்றாள். பேட்டரி இப்போது அலமாரியில் உங்கள் பக்கம் இருக்கிறது. அங்கேதான் இடம் இருந்தது.

இன்று காலை வெப்பமானி மைனஸ் ஏழரை காட்டியது. ஏதாவது வெடித்திருக்கிறதா என்று இப்போது தெரியாது. வசந்தத்தில் தண்ணீர் நிரப்பினால்தான் தெரியும் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. எப்படி நிரப்புவது என்பதும் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது, அதை நான் பார்த்துக்கொள்வேன். பின்பக்கக் குழாயை மறுபடி எப்படி மாட்டுவது என்று மட்டும் எதிலும் இல்லை.

செப்டம்பரைப் பற்றி நீங்கள் பதில் எழுத வேண்டாம். எழுதக் கஷ்டமாக இருந்தால் எதுவுமே எழுத வேண்டாம். உறையாத ஊரில் இருந்தாலும் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டு தூங்குங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

அந்த டேப்பை நான் பிரிக்கவில்லை, அம்மாவும் தொடவில்லை. பனி உருகும்வரை அப்படியே இருக்கும். நீங்களே வந்து பிரித்துவிடுங்கள் அப்பா.

அன்பு மகள்,
சயோரி